மணம்: நுகரப்படவில்லை

ஜனவரி 16, 2021, சனி

செவ்வாய்க்கிழமை பள்ளி திறக்கிறார்கள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் மட்டும். பெஞ்சுக்கு இரண்டு பேர், வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி, எல்லாருக்கும் முகக்கவசம் என்று தலைமை ஆசிரியர் ஞானதீபம் சார் காலையிலேயே குழுவில் போட்டுவிட்டார்.

பத்து மாதமாக நான் வேதியியல் நடத்தியது கறுப்புக் கட்டங்களுக்கு. "புரியுதா?" என்று கேட்டால் பதில் வராது. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடிக்கும். ஒரு நாள் ஒரு பிள்ளையின் அப்பா நடுவில் புகுந்து, "டீச்சர், கொஞ்சம் விரசலாச் சொல்லுங்க, நெட்டு தீந்துரும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோவில்பட்டியில் என் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள் இன்று டாக்டராகவும் தீப்பெட்டி ஆலை முதலாளியாகவும் இருக்கிறார்கள். ஒருவரும் என்னை அவசரப்படுத்தியதில்லை.

மாலையில் உமையாள் கூப்பிட்டாள். என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவள். சென்னையில், ஆன்லைனில் பாடம் சொல்லும் கம்பெனி ஒன்றில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். "கனி, உனக்கு ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன். பிள்ளைங்க சந்தேகத்த டைப் பண்ணுவாங்க, நீ பதில் டைப் பண்ணணும். வீட்டுல இருந்தே செய்யலாம். ஒருத்தர் மூஞ்சியக்கூடப் பாக்க வேண்டாம்" என்றாள். பள்ளியில் ஜூன் முதல் பாதிச் சம்பளம்தான். அவள் சொன்ன தொகை முழுச் சம்பளத்தைவிடக் கூட. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்காரர் பஜாரிலிருந்து பூ வாங்கி வந்தார். "நல்ல மல்லி, மணக்குதுல்லா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 19, செவ்வாய்

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பாதி முகம்தான் தெரிகிறது, ஆனால் குரலை வைத்து எல்லாரையும் கண்டுபிடித்துவிட்டேன். இசக்கிராணி என்று ஒருத்தி, ஆன்லைனில் வாயே திறக்காதவள், நேரில் விடாமல் பேசுகிறாள். "டீச்சர், நீங்க போன்ல குட்டையாத் தெரிஞ்சீங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. சிரிப்புச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டுப் பத்து மாதம் ஆகிறது.

ஏப்ரலில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு இருக்கும் என்கிறார்கள். இவர்கள் பதினொன்றாம் வகுப்பில் சோதனைக் குழாயைத் தொட்டதோடு சரி. இரண்டு வருட வேலையை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். முடித்துவிடுவேன்.

ஜனவரி 31, ஞாயிறு

பால் தீய்ந்துவிட்டது. நான் பக்கத்திலேயேதான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் தெருவிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தார். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். எது தீய்ந்தாலும் அவருக்கு முதலில் பதறும்.

"தெரு முக்கு வரைக்கும் அடிக்குது. ஒனக்குத் தெரியலையாட்டி?"

"சளி" என்றேன்.

"எந்தச் சளி? அக்டோபர்ல காய்ச்சல் வந்ததுல இருந்து இதத்தான் சொல்லுத."

காய்ச்சல் அக்டோபரிலேயே போய்விட்டது. நான் நன்றாக இருக்கிறேன். பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்ததில் பாதிக் கறைதான் போனது.

பிப்ரவரி 3, புதன்

பள்ளியில் குடிதண்ணீர் தீர்ந்துபோய் கேன் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கொண்டுவந்து இறக்கியவர் குருநாதன் சார். போன வருடம் வரை எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியர். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

"பிள்ளைங்க மேல கோபம் இல்ல டீச்சர். பாடத்து மேலயும் இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு அப்பா, பன்னெண்டு மணிக்கு ஒரு அம்மா. போன் அடிச்சாலே எங்கயாவது ஓடிறலாம் போல ஆயிட்டு. தண்ணி கேன் ராத்திரி போன் பண்ணாதுல்லா" என்று சிரித்தார். ஆள் தெளிவாக இருக்கிறார். முகத்தில் வெயில் ஏறியிருக்கிறது.

தமிழ் எடுத்த செண்பகா டீச்சரும் நின்றுவிட்டார். அவருடைய மாமனாருக்கு மூச்சிழுப்பு. பள்ளிக்குப் போய்வந்து அவருக்குத் தொற்றை ஒட்டவைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். விலங்கியல் டீச்சரின் கணவருக்கு வேலை போய்விட்டதால் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள். போகிறவர்களைத் தைரியம் இல்லாதவர்கள் என்று நான் மனதுக்குள் நினைத்ததுண்டு. குருநாதன் சார் கேனைத் தோளில் தூக்கிய விதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

பிப்ரவரி 11, வியாழன்

ஆய்வகத்தில் சிறு தடங்கல். தலைவலி. எழுதவில்லை.

பிப்ரவரி 12, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இது என் நாட்குறிப்பு. இதில் பொய் சொல்லி யாரை ஏமாற்றப் போகிறேன்?

நேற்று பிள்ளைகளில் முதல் அணியை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறை. ஜன்னல்களைக்கூட இன்னும் திறக்கவில்லை. பன்சன் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று காட்டுவதற்காகத் தீப்பெட்டியை எடுத்தேன். குச்சியை உரசக் கை போனது. பின்னாலிருந்து இசக்கிராணி பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டீச்சர், கேஸு! கேஸு அடிக்குது டீச்சர்!"

முகக்கவசத்தையும் மீறி அறையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தி இருமிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் கதவுப் பக்கம் நகர்ந்திருந்தார்கள். டீச்சர் பேசாமல் நிற்கிறாரே, ஒன்றும் இருக்காது என்று மற்றவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை நம்பி நின்றிருக்கிறார்கள்.

எல்லாரையும் வெளியே அனுப்பி, சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தேன். ரப்பர் குழாய் வெடித்திருந்தது. குழாயை மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. காற்று மாதிரி, தண்ணீர் மாதிரி.

அக்டோபரிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியாது. பூ, பால், பெருங்காயம், பினாயில், எதுவும். இதை இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன். அவரிடம்கூடச் சொன்னதில்லை.

வேதியியல் ஆசிரியைக்கு மூக்கு என்பது கண் மாதிரி. கரிமச் சேர்மத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில் முதல் வரிசையே மணம். மீன் வாடை என்றால் அமீன், வாதுமை மணம் என்றால் பென்சால்டிஹைடு, பழ மணம் என்றால் எஸ்டர். நான் போத்தலைத் திறக்கும்போதே பெயரைச் சொல்லிவிடுவேன் என்று பிள்ளைகள் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

பிப்ரவரி 14, ஞாயிறு

அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பால் தீஞ்ச அன்னிக்கே எனக்குத் தெரியும். நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்" என்றார். பிறகு, "கம்பத்துல ஏறுற ஆளுக்குக் கை மரத்துப்போச்சுன்னா நாங்க கீழ எறக்கிருவோம். ஆனா வேலைய விட்டு அனுப்ப மாட்டோம். வேற வேல குடுப்போம். நீ என்ன செய்யப் போற?"

"உமையாள் வேலைக்குப் போகப்போறேன்."

"அப்ப சரி" என்றார். சரியென்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 15, திங்கள்

தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"வாசனை தெரியாத ஒருத்திய லேப்ல நிறுத்துறது ஆபத்து சார். என்ன விட்டுருங்க."

ஞானதீபம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்களும் போனா இந்தப் பிள்ளைங்களுக்கு லேப் இல்ல டீச்சர். இந்த நேரத்துல நான் யாரத் தேடுவேன்? அதுக்காக ஆபத்துல நிக்கச் சொல்லல. ஆபத்த நீக்க வழி இருக்கான்னு நீங்களே பாருங்க. முடியாதுன்னு நீங்க சொன்னா, நானே லேபப் பூட்டிருதேன்."

முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் அப்படிக் கேட்டார். ஏப்ரல் வரைக்கும், செய்முறைத் தேர்வை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி வந்தேன்.

பிப்ரவரி 16, செவ்வாய்

வகுப்பில் சொல்லிவிட்டேன்.

"வியாழக்கிழம நடந்தது கவனக்குறைவு இல்ல. எனக்கு அக்டோபர்ல கொரோனா வந்துச்சு. அதுல இருந்து எந்த வாசனையும் தெரியாது. நீங்க என்ன நம்பி நின்னீங்க. அதனால உங்களுக்குத் தெரியணும்."

கடைசிப் பெஞ்சில் ஜோஸ்லின் மெதுவாகக் கையைத் தூக்கினாள். நன்றாகப் படிக்கிறவள், எப்போதும் அமைதி.

"எனக்கும் தெரியாது டீச்சர்."

டிசம்பரில் அவர்கள் வீடு முழுக்கக் காய்ச்சலாம். மற்றவர்களுக்கெல்லாம் திரும்பிவிட்டது, இவளுக்கு மட்டும் இல்லை.

"அப்போ, போன மாசம் வகுப்புல போத்தலக் குடுத்து மோக்கச் சொன்னேனே, மணம்ங்கிற வரிசையில எப்படி எழுதுன?"

"இசக்கியப் பாத்து எழுதுனேன் டீச்சர்." தலையைக் குனிந்துகொண்டாள். "பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கணும்னு இருந்தேன். இனிமே முடியாதுல்லா. அதான் பி.காம். போயிரலாம்னு வீட்டுல சொல்லிட்டேன்."

முடியாது என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. மூக்குப் போனால் வேதியியலும் போனது என்று அவளாகவே நினைத்திருக்கிறாள். நேற்று நான் தலைமை ஆசிரியரிடம் சொன்னதும் அதேதான். அவளைப் பார்த்து, "நானும் போறேன், நீயும் போ" என்றா சொல்வது?

"பி.காம். பிடிச்சிருந்தாப் படி. கெமிஸ்ட்ரி முடியாதுன்னு படிக்காத" என்றேன். எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

பிப்ரவரி 24, புதன்

ஆய்வகத்துக்குக் கேஸ் கசிந்தால் அலறும் கருவி வந்துவிட்டது. ஞானதீபம் சார் தன் கையால் சுவரில் மாட்டினார். புதுக் குழாய்கள் போட்டாயிற்று. தினமும் முதல் வேலையாகக் குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் பூசுகிறேன். கசிந்தால் குமிழி வரும், கண்ணுக்குத் தெரியும். அதோடு ஒவ்வொரு நாளும் இரண்டு பிள்ளைகளுக்கு "மூக்கு டூட்டி". அவர்கள் முதலில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "சரி டீச்சர்" என்று சொன்ன பிறகுதான் நான் தீப்பெட்டியைத் தொடுவேன். டூட்டிக்குப் போட்டி இருக்கிறது.

காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். தினமும் எலுமிச்சையையும் கிராம்பையும் முகரச் சொல்லியிருக்கிறார். முகர்கிறேன்.

மார்ச் 9, செவ்வாய்

இரண்டு வாரமாகப் பாட முறையையே மாற்றிக்கொண்டிருக்கிறேன். யாரும் முகக்கவசத்தைக் கழற்றி எதையும் முகரக் கூடாது. தொற்று இன்னும் போகவில்லை, ஆகையால் இது எல்லாருக்கும் நல்லது. மணத்துக்கு எதிரே "நுகரப்படவில்லை" என்று எழுதிவிட்டு மேலே போக வேண்டும்.

"மணம்ங்கிறது துப்பு. துப்ப வச்சு கோர்ட்டுல ஜெயிக்க முடியாது. சாட்சி வேணும்" என்றேன். "அனிலினா? மீன் வாடையத் தேடாத. ஐஸ்ல வச்சு சாயச் சோதன செய். செக்கச் செவேல்னு சாயம் வந்தா அதான் சாட்சி. அமிலமா? எஸ்டர் ஆக்கிப் பழ வாசன பாக்க வேண்டாம். சோடியம் பைகார்பனேட்டப் போடு, நுரைச்சுப் பொங்கும்."

ஐஸ் வாங்க ஜூஸ் கடைக்கு ஓடுவது, கரைசல் கலப்பது, கழுவுவது எல்லாம் நடுவில். இடுப்பு விட்டுப்போகிறது. வீட்டுக்கு வந்தால் பதினொன்றாம் வகுப்புக்கு ஆன்லைன். உமையாள் இரண்டு முறை கூப்பிட்டாள். ஏப்ரல் முடியட்டும் என்றேன்.

மார்ச் 26, வெள்ளி

ஜோஸ்லினுக்கு வெள்ளி ஆடி விழுந்தது. ஆல்டிஹைடு இருந்தால் சோதனைக் குழாயின் உட்புறம் வெள்ளி படிந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். குழாய் சுத்தமாக இல்லாவிட்டால் கறுப்பாகப் போகும். மூன்று முறை கறுத்துப்போனது. நான்காவது முறை, வெந்நீரிலிருந்து எடுத்தபோது பளபளவென்று இருந்தது. அதில் தன் முகத்தைப் பார்த்து நெற்றி முடியை ஒதுக்கினாள்.

ஏப்ரல் 10, சனி

தொற்று மறுபடி ஏறுகிறது. ஊரில் தினமும் ஆம்புலன்ஸ். தேர்வு நடக்குமா என்று தெரியவில்லை. பிள்ளைகளைத் தனித்தனி அணியாக வரச் சொல்லிப் பயிற்சி. அவர் என்னிடம், "பயமா இருக்கா?" என்றார். இல்லை என்றேன். அவருக்காக எலுமிச்சை ரசம் வைத்தேன். நன்றாக இருந்ததாம்.

ஏப்ரல் 20, செவ்வாய்

செய்முறைத் தேர்வு.

வெளிப்பள்ளியிலிருந்து தேர்வாளராக வந்தவர் அந்தோணிமுத்து சார். ஓய்வு பெறும் வயது, முகக்கவசத்துக்கு மேல் ஒரு கண்ணாடித் தடுப்பு, கறாரான குரல். ஒவ்வொரு மேசையாக நின்று பார்த்தார். ஜோஸ்லின் மேசையில் நின்றவர் நகரவில்லை. அவளுடைய தாளை எடுத்துப் படித்தார்.

"மணம்: நுகரப்படவில்லை. ஆனா முடிவு பென்சால்டிஹைடுன்னு எழுதியிருக்க. எல்லாரும் மோந்து பாத்துத்தானம்மா இதக் கண்டுபிடிப்பாங்க? யாரும் சொல்லிக் குடுத்தாங்களா?"

கேள்வியில் இருந்த சந்தேகம் எனக்குப் புரிந்தது. வாய்வரை பதில் வந்தது. தேர்வு நடக்கும்போது நான் பேசக் கூடாது. பேசவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை.

ஜோஸ்லின் நிமிர்ந்தாள். "இல்ல சார். எரிச்சப்போ புகை கக்குச்சு, அதனால அரோமேட்டிக். போர்ஷே கரைசல்ல ஆரஞ்சா வீழ்படிவு, அதனால கார்பனைல். டாலன்ஸ்ல ஆடி விழுந்துச்சு, அதனால ஆல்டிஹைடு. இன்னும் ரெண்டு ஆல்டிஹைடுல எதுன்னு பாக்கணும். புரோமின் தண்ணி நிறம் போகல. இரட்டைப் பிணைப்பு கிடையாது. அப்ப சினமால்டிஹைடு இல்ல. பென்சால்டிஹைடுதான்."

அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதில் அவருடைய கண்ணாடித் தடுப்பு தெரிந்தது.

"ஏம்மா இவ்வளவு சுத்தி வரணும்? ஒரு தடவ மோந்தா முடிஞ்சு போச்சு."

"எனக்கு மோப்பம் கிடையாது சார். எங்க டீச்சருக்கும் கிடையாது" என்றாள் ஜோஸ்லின். ஏதோ பட்டம் வாங்கினதைச் சொல்வது போலச் சொன்னாள்.

அந்தோணிமுத்து சார் என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டினேன். அவர் மற்ற மேசைகளுக்குப் போய் ஒவ்வொரு தாளிலும் அந்த ஒரு வரியைத் தேடித் தேடிப் படித்தார். எல்லாருடைய தாளிலும் அது இருந்தது. எல்லாருடைய முடிவும் சரியாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். இரண்டு பேர் தப்புச் செய்தார்கள். ஒருவன் யூரியாவைக் குளுக்கோஸ் என்று எழுதிவிட்டு வந்து அழுதான்.

போகும்போது வராந்தாவில் நின்று கேட்டார்: "அந்த முறைய எனக்கு எழுதித் தர முடியுமா டீச்சர்? நாளைக்கு எங்க பள்ளியில தேர்வு. அங்கயும் பிள்ளைங்க மோந்து பாக்க பயப்படுதாங்க."

மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 21, புதன்

பன்னிரண்டு மணி வரை தூங்கினேன். அவர் எழுப்பவில்லை.

மே 19, புதன்

ஊரடங்கு. விலங்கியல் டீச்சரின் கணவர் இறந்துவிட்டார். சொந்த ஊரில். போக முடியவில்லை. போன் மட்டும் செய்தேன்.

தினமும் காலையில் பத்துப் பிள்ளைகளுக்குப் போன் செய்கிறேன். பாடம் பேசுவதில்லை. சாப்பிட்டாயா, வீட்டில் யாருக்கும் காய்ச்சலா என்று மட்டும் கேட்கிறேன்.

ஜூன் 6, ஞாயிறு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்து என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். சரியான முடிவுதான். இசக்கிராணி கூப்பிட்டு, "சந்தோசப்படணுமா, வருத்தப்படணுமான்னு தெரியல டீச்சர். இவ்ளோ படிச்சோமே?" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. ஆனால் ஒன்று. இந்த வருடம் என் பிள்ளைகள் பரீட்சை என்று நின்று எழுதியது செய்முறை மட்டும்தான். அதில் அவர்கள் தலை நிமிர்ந்து நின்றார்கள். நான் பார்த்தேன்.

ஜோஸ்லின் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். தூத்துக்குடியில் எந்தக் கல்லூரியில் வேதியியல் ஆய்வகம் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தாள். இரண்டு பெயர் சொன்னேன்.

ஜூன் 20, ஞாயிறு

உமையாளுக்கு இன்று பதில் சொல்லிவிட்டேன்.

"பைத்தியமாடி நீ? பாதிச் சம்பளம், ராத்திரி போனு, இதுல மூக்கு வேற இல்ல. எதுக்கு அங்கயே கெடக்க?"

அவள் சொன்ன ஒன்றும் பொய்யில்லை. சம்பளத்தைப் பற்றி ஞானதீபம் சாரிடம் கேட்டாயிற்று. பள்ளி திறந்ததும் முழுதாகத் தருவதாக எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். தராவிட்டால் மறுபடி கேட்பேன். இனி ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனை எடுப்பதில்லை என்று பெற்றோர் குழுவில் போட்டுவிட்டேன். இரண்டு பேர் கோபப்பட்டார்கள். படட்டும். குருநாதன் சாருக்கு இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம்.

"சந்தேகம் கேட்டா டைப் பண்ணிருவேன் உமா. ஆனா ஒரு பிள்ள கடைசி பெஞ்சுல கையத் தூக்குச்சு. அது டைப்புல வராது" என்றேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டாள். நாளை மறுபடி பேசுவாள், எனக்கு அவளைத் தெரியும்.

பள்ளியை விட்டுப் போனவர்களை இனி நான் தப்பாக நினைக்க மாட்டேன். அவரவர் தோளுக்குத்தான் பாரம் தெரியும். என் தோள் இன்னும் தாங்குகிறது.

ஜூன் 21, திங்கள்

புதுப் பன்னிரண்டாம் வகுப்புக்கு முதல் பாடம். பள்ளி திறக்கும்வரை ஆன்லைன்தான். காலையில் அவர் எனக்காகச் சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் நகர்த்திக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

"வணக்கம். என் பேரு சண்முகக்கனி. எனக்கு வாசன தெரியாது. வேதியியல் தெரியும்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். யாரோ ஒருவன், "டீச்சர், போன வருசத்து அக்காங்க சொன்னாங்க" என்றான். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

முதல் பாடம் உலோகவியல் என்று சொல்லி எழுந்து நின்றேன். வீடுதான், உட்கார்ந்தே நடத்தலாம். எனக்கு உட்கார வரவில்லை.